முப்பத்தேழு ஜிபி

வெயில் இறங்கட்டும் என்றான் இம்தியாஸ்.
பகலில் தொட்டால் சூட்டிலேயே செத்துப்போகுமாம்.
மேல்விஷாரத்திலிருந்து பைக்கில் வந்தவன்
சிபியுவின் பக்கவாட்டைக் கழற்றி
உள்ளே ஊதினான்.
பதினோரு வருடத் தூசி
ரிசப்ஷன் மேசை, சாவிப் பலகை, என் சாப்பாட்டு டப்பா
எல்லாவற்றிலும்.

புது மெஷின் அட்டைப்பெட்டியில், சுவரோரம்.
முதலாளி தயாளன் அதன்மேல் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்:
"ரெண்டு வருசத்த மட்டும் எடும்மா.
போலீஸ்காரன் அதுக்கு மேல இன்னா கேக்கப் போறான்?
மீதிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"
தலையாட்டினேன்.
அவர் படியிறங்கியதும்
கன்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினேன்.

மீதம்: ஆறு மணி நேரம்.
மீதம்: நாற்பது நிமிடம்.
மீதம்: இரண்டு நாள்.
இந்தத் தெருவில் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.
மூன்று நாள் என்று பெட்டியை இறக்கியவர்
எழுபத்தோரு நாள் இருந்திருக்கிறார், ரூம் ஒன்பதில்.
ஸ்வபன் மைத்தி, மேதினிபூர்.
ஒழுகிய குழாயை அவரே வாங்கி மாட்டினார்.
பில்லை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், நூற்று நாற்பது ரூபாய்.
வாடகையில் கழிக்கிறேன் என்றேன்.
கழிக்கவில்லை.
அதுவும் இப்போது நகலாகிறது.

மால்டா, பாங்குரா, சில்சார், தன்பாத்.
அட்டையில் எல்லோரும் திருடர்கள் மாதிரி விறைத்திருக்கிறார்கள்.
நேரில் அப்படியில்லை,
நேரில் களைத்திருந்தார்கள்.

"இதெல்லாம் நாம வெச்சிக்கக்கூடாதுக்கா,
அடுத்தவங்க ஆதாரு" என்றான் இம்தியாஸ்.
சரிதான்.
பதில் சொல்லாமல் மின்விசிறியைக் கூட்டினேன்.

அறுபத்தொன்றில் நின்றது.
உள்ளே பல்லி மாதிரி ஒரு சத்தம்,
டிக், நிறுத்தம், டிக்.
ரூம் ஆறு, ஆகஸ்ட், இரண்டாயிரத்துப் பதினாறு.
படிக்க முடியவில்லை. மறுபடி முயலவா? விட்டுவிடவா?
"ஸ்கிப் குடுங்கக்கா."
நான்கு முறை முயன்றேன்.
யாரென்று எனக்கு ஞாபகமே இல்லை,
அதனால்தான் நான்கு முறை.
ஐந்தாவது முறை அவன் கை நீட்டி அழுத்திவிட்டான்.

ஓரத்தில் ஒரு சின்ன ஃபைல்,
இரண்டு கேபி.
வேலைக்குச் சேர்ந்த மாதம் நான் தட்டி வைத்தது.
ஜொல் – தண்ணி.
பாடா – வாடகை.
ஓஷுத் – மருந்து.
பேத்தா – வலி (மாத்திரை நம்மிடம் கேட்டால் கொடுக்கக்கூடாது).
கால் – நாளை.
அதற்குக் கீழே, வேறொரு நாளில்:
கால் – நேற்று. அதே சொல்தான். கேட்டுக்கொள்ளவும்.

முதல்முறை ஒருவர் கால் என்றபோது
நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.
செருப்பு மட்டும் அறுந்திருந்தது.
மனைவிக்கு ஆபரேஷன்
முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று
முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள
எனக்கு வெகுநேரமாயிற்று.

இரண்டேகால் மணி.
ஹவுரா வண்டி காட்பாடிக்குத் தாமதமாக வந்திருக்கும்.
ஆட்டோ ஒன்று வாசலில் உறுமி அணைந்தது.
ஒரு கிழவர், அவர் மகள், தூங்கும் பையன்,
பாலிதீன் உறையில் இன்னொரு வகை ஃபைல்.
பழைய மெஷினைத் தொடக்கூடாது,
புதியது இன்னும் டீக்கறைக்குக் கீழே.
பால் கணக்கு நோட்டைத் திருப்பி
பின்பக்கத்தில் கோடு போட்டேன்.
பெயர். ஊர். எத்தனை பேர்.

எப்போது ஆஸ்பத்திரி என்று சைகையில் கேட்டேன்.
மகள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு
"கால்" என்றாள்.
அவர்கள் மொழியிலும் வினைச்சொல்
நம்முடையதைப் போலக் கடைசியில்தான் வரும்.
பேனாவைத் தூக்கியபடி
காத்திருந்தேன்.